பறையைப் பதிவுசெய்வது 'கூடுதல் வசதி'யா?

மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கத்துச் சேரிப் பிள்ளைகள் கணினியில் பாட்டுக் கட்ட வந்தால், மென்பொருள் கம்பெனிகள் சொல்கின்றன: "வேண்டியதை மட்டும் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்." கேட்க நியாயம்தான். எது அடிப்படை, எது கூடுதல் என்று முடிவுசெய்வது யார்?

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவை ராப்போடும் ராக்கோடும் மேடையேற்றியது. அதே ஆண்டு எஃப்எல் ஸ்டூடியோ 20 வந்தது. அதன் மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் கம்பெனி தரும் டிரம்ஸ் இருந்தது. மைக் வைத்துப் பறையையோ குரலையோ பதிவுசெய்ய வழியிருக்கவில்லை. அதற்குக் கூடுதல் விலையில் புரொட்யூசர் பதிப்பு வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் ஓசை அடிப்படை, நம் கை ஓசை கூடுதலாம்!

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விலையேற்றச் சொல்லவில்லை நாம். பியானோ, வயலின் ஓசைகளைத் தனியே விற்கட்டும். பதிவுசெய்யும் வசதியைப் பூட்டிவைக்கக் கூடாது. முடியாத காரியமுமல்ல: ரீப்பர் தனிநபருக்கு 60 டாலரில் எதையும் பூட்டாமல் முழுதாகக் கிடைக்கிறது. ஆர்டர் திறந்த மூல மென்பொருள்.

நம் படிப்பகக் கணினிகளில் மென்பொருள் ஏற்றும்போது, விலைக்கு முன்னால் ஒன்றைக் கேட்போம்: இதில் நம் பறை பதிவாகுமா?