27 என்றால் ஒரு மதிப்பெண்

2015-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. உயர்நிலைப் பள்ளியை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமா? குடியுரிமை கேட்டு வரும் வெளிநாட்டவருக்கென அப்போது வைத்திருந்த 100 கேள்விகளில் 60-க்காவது சரியான விடை எழுத வேண்டும் என்றது. அப்படி ஒரு சட்டத்தை முதலில் போட்டது அந்த மாநிலம்தான். பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் இறங்கின. கேள்விகள் இப்படி: அரசின் கிளைகளில் ஒன்றைச் சொல். முதல் திருத்தம் தரும் உரிமைகளில் ஒன்றைச் சொல். அரசியல் சாசனத்துக்கு இதுவரை எத்தனை திருத்தங்கள்? 27. சரி, மதிப்பெண் உண்டு.

அந்த 27-வது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது நடப்புக்கு வரும் என்பது அதன் சாரம். 1789-ல் மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போன 12 திருத்தங்களில் இதுவும் ஒன்று. பத்து மட்டும் 1791-ல் நிறைவேறி உரிமைச் சாசனம் ஆயின. இது கிடப்பில் கிடந்தது. 1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரிகரி வாட்சன், இதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். கிடைத்தது ‘சி’ கிரேடு. மனுஷன் விடவில்லை. மாநிலம் மாநிலமாகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதித் தள்ளினார். 1992-ல் திருத்தம் நிறைவேறியது. 2017-ல் பல்கலைக்கழகம் அந்தக் கிரேடை ‘ஏ’ என்று திருத்திக் கொடுத்தது. குடிமையியல் பாடம் முழுவதும் இந்த ஒரு கதையில் அடங்கியிருக்கிறது. தேர்வுக்கு வேண்டியதோ எண் மட்டும்.

பெயரும் எண்ணும் நெட்டுருவாகிவிட்டால் பிள்ளை பொறுப்புள்ள குடிமகனாகிவிடுவான் என்ற நம்பிக்கை அங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. 2016-ல் அன்னென்பர்க் மையம் எடுத்த கருத்துக்கணிப்பில், சட்டமியற்றும் அவை, நிர்வாகம், நீதித்துறை என மூன்று கிளைகளையும் சொன்னவர்கள் 26 சதவீதம் பேர்தான். நாடே தலையில் அடித்துக்கொண்டது. 2021-ல் அதே கணிப்பில் 56 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஐந்தே ஆண்டில் பள்ளிகள் அடியோடு மாறிவிட்டனவா என்ன? இடையில் ஓர் அதிபர் மீது இரண்டு முறை பதவிநீக்க விசாரணை நடந்தது. 2021 ஜனவரி 6 அன்று காங்கிரஸ் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. இரவும் பகலும் செய்தி பார்த்தவர்களுக்கு மூன்று பெயரும் தானாகவே பதிந்திருக்கும். பெயர் தெரிந்தவர்கள் பெருகிய அதே ஆண்டில்தான் ஜன்னல்களும் உடைந்தன.

நெட்டுருப் பாடத்தின் பெரிய குற்றம் வேறு. அது அரைப் பொய்யைச் சொல்லிக்கொடுக்கிறது. 1791-ல் உரிமைச் சாசனம் வந்தது, மக்களுக்கு உரிமை கிடைத்தது என்று பாடம் முடிந்துவிடும். பால்டிமோர் நகரசபை ஓடைகளைத் திருப்பிவிட்டதால் ஜான் பாரன் என்பவரின் படகுத்துறை மண்மூடிப் போனது. அவர் நஷ்டஈடு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். உரிமைச் சாசனம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல என்று 1833-ல் கைவிரித்துவிட்டார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-ல் வந்த 14-வது திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில்தான் ஒவ்வோர் உரிமையாக வழக்காடி மாநிலங்கள் மீதும் ஏற்ற வேண்டியிருந்தது.

1961-ல் ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் திருடியதாகக் கிளாரன்ஸ் கிடியன் பிடிபட்டார். வக்கீல் வைக்கக் காசில்லை, நீதிமன்றமே ஒருவரை அமர்த்த வேண்டும் என்றார். மரண தண்டனை வழக்குகளுக்குத்தான் அந்த வசதி என்று நீதிபதி மறுத்துவிட்டார். தானே வாதாடித் தோற்றவருக்கு ஐந்து ஆண்டு சிறை. சிறைத்தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் விடுதலை. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை ஆறாவது திருத்தத்தில் 1791 முதலே அச்சாகிக் கிடந்தது.

கிளைகள் மூன்று என்று கரும்பலகையில் வரையும் முக்கோணமும் இப்படித்தான். வெள்ளையர், கறுப்பர் என்று பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லியாயிற்று. 1957 செப்டம்பர் 4 அன்று லிட்டில் ராக் நகரில் எலிசபெத் எக்ஃபோர்டு என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி, தான் தைத்த உடையை உடுத்திக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு வந்தாள். ஆளுநர் நிறுத்தியிருந்த மாநிலக் காவல் படை அவளை உள்ளே விடவில்லை. பின்னால் வெள்ளையர் கும்பல் கத்தியபடி துரத்த, அவள் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தீர்ப்பு கையில் இருந்தது. அதை நிறைவேற்ற நீதிமன்றத்திடம் ஒரு சிப்பாய்கூட இல்லை. அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பிய பிறகுதான் அவள் உட்பட ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளும் வகுப்பில் உட்கார முடிந்தது.

பெயர் தெரியாமல் எதைப் பேசுவது என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயம்தான், அதற்கு ஒரு வாரம் போதும். பிறகும் பள்ளிகள் அங்கேயே நிற்பதற்கு வேறு காரணம் உண்டு: நெட்டுரு பள்ளியை எதிர்த்துக் கேள்வி கேட்காது. உரிமையை உருப்படியாகக் கற்றுக்கொண்ட பிள்ளை முதலில் தலைமையாசிரியரிடம்தான் வந்து நிற்கும். 13 வயது மேரி பெத் டிங்கர் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கறுப்புப் பட்டி கட்டி வந்து, பள்ளி இடைநீக்கம் செய்ததை எதிர்த்து 1969-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றாள். கொடி வணக்கம் சொல்ல மறுத்த மேற்கு வர்ஜீனியாச் சகோதரிகளுக்காக 1943-ல் அதே நீதிமன்றம் மூன்றே ஆண்டுக்கு முந்தைய தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அந்தத் தீர்ப்பு நம் பக்கமும் வந்து சேர்ந்தது: தேசிய கீதம் பாடாததால் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட கேரளப் பிள்ளைகள் மூவரின் வழக்கில், 1986-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்காட்டியது.

மாசசூசெட்ஸ் 2018-ல் வேறு வழி பிடித்தது. எட்டாம் வகுப்பில் ஒன்று, உயர்நிலைப் பள்ளியில் ஒன்று என, மாணவர்களே முன்னின்று பொதுப் பிரச்சினை ஒன்றை எடுத்துச் செய்யும் வேலைக்குப் பள்ளிகள் வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. வகுப்பறைக்குள் கட்சி அரசியல் நுழைந்துவிடும் என்ற பயம் இங்கே எழத்தான் செய்யும். கட்சி வாடையே இல்லாத வழக்குகளும் உண்டு. 1980-ல் நியூ ஜெர்சி பள்ளி ஒன்றில், கழிப்பறையில் சிகரெட் பிடித்ததாகச் சிக்கிய 14 வயது மாணவியின் கைப்பையை உதவித் தலைமையாசிரியர் திறந்து பார்த்தார். உள்ளே கஞ்சா. நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் நான்காவது திருத்தம் அரசுப் பள்ளிக்கும் பொருந்தும், ஆனால் இந்தச் சோதனை நியாயமானதே என்று 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. இதை ஒன்பதாம் வகுப்பில் வைத்து, நீங்களே தீர்ப்பெழுதுங்கள் என்று சொல்லட்டும். பாதி வகுப்பு நீதிபதிகளோடு சண்டைக்கு நிற்கலாம். அந்த ஒன்பது நீதிபதிகளிலேயே மூன்று பேர் மாறுபட்டுத்தான் நின்றார்கள்.