வாடாத புல்

தென் கலிபோர்ணியாவிலுள்ள கோச்செல்லாப் பள்ளத்தாக்கு ஒரு பாலைவனம். கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கே வியப்பன்று. அப்பாலையிலே நூறுக்கு மேற்பட்ட கொல்ப் மைதானங்கள் உள்ளன. அவையும் போதாவென்று வசதி படைத்தோர் தம் வீட்டுப் பின்வளவிலேயே ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கான பசுந்தரையை, அதாவது பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழுத்திப் பழகும் தரையை, அமைத்துக்கொள்கின்றனர். பசுந்தரை என்றோம், அதில் ஒரு புல்லேனும் இல்லை. நைலோன் அல்லது பொலிப்புரொப்பிலீன் இழைகளாலான விரிப்பு அது.

செல்வர் தம் பணத்தில் விளையாடினால் நமக்கென்ன என்று கேட்கலாம். இவ்விரிப்பு வெறும் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டிருந்தால் நாமும் வாளாவிருந்திருப்போம். ஆயின் அது ஒரு சமூகத் தொண்டு போல விற்கப்படுகின்றது. நீரை மிச்சப்படுத்துகின்றதாம், இயற்கையைக் காக்கின்றதாம்.

இவ்வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. பாலையில் இங்கிலாந்துப் புற்றரையை வளர்க்க நீரிறைப்பது பைத்தியக்காரத்தனம். 2015 ஏப்ரல் 1ஆம் திகதி, ஆளுநர் ஜெரி பிரௌண் நகரங்களின் நீர்ப் பாவனையை 25 சதவீதம் குறைக்கப் பணித்தபோது, ஐந்து கோடி சதுர அடிப் புற்றரையை அகற்றி, வறட்சி தாங்கும் தரையமைப்பை ஏற்படுத்தவும் ஆணையிட்டார். அது நியாயமான ஆணையே. கள்ளியும் பாலைச் செடிகளும் அம்மண்ணுக்கு உரியவை. அவ்வாண்டிலேயே, வீட்டு வளவுகளில் செயற்கைப் புல்லை நகரசபைகள் தடைசெய்யக்கூடாது என்று மாநிலச் சட்டமொன்றும் வந்தது. செடிக்குத் திறந்த வாயிலால் பிளாஸ்ரிக்கும் நுழைந்துகொண்டது.

இந்த வாடாத புல் யாருக்காகப் பிறந்தது என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும். அமெரிக்க நகரப் பிள்ளைகள் உடற்றகுதியில் கிராமப் பிள்ளைகளிலும் பின்தங்கியுள்ளனர் என்ற கவலை 1950களில் எழுந்தது. சீமெந்தும் தாரும் மூடிய நகரங்களிலே அவர்களுக்கு ஓடியாட இடமில்லை. போர்ட் நிதியத்தின் ஊக்கத்துடன், மொன்சாந்தோ நிறுவனத்தைச் சேர்ந்த கெம்ஸ்ராண்ட் கம்பனி செயற்கைப் புல்லை ஆக்க முனைந்தது. (வியட்நாமின் காடுகளை அழித்த ‘ஏஜென்ற் ஒரேஞ்ச்’ நஞ்சை உற்பத்தி செய்தோருள் மொன்சாந்தோவும் ஒன்று. பச்சையை அழிப்பதிலும் பச்சையைப் போலி செய்வதிலும் அதற்குச் சமமான இலாபமே இருந்தது போலும்.) 1964இல் அப்புல் முதன்முதலாகப் பெரிய அளவில் விரிக்கப்பட்டது எங்கே? சேரிப் பிள்ளைகளின் தெருவிலன்று. றோட் ஐலண்ட் மாநிலத்தின் பிறொவிடென்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிறவுண் என்னும் தனியார் பாடசாலையில். 1965இல் ஹூஸ்ரனில் திறக்கப்பட்ட அஸ்ரோடோம் அரங்கிலோ, கூரையின் கூசொளியால் ஆட்டக்காரருக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெயிலின்றிப் புல் செத்தது. மறு ஆண்டு அங்கே விரிக்கப்பட்ட பிளாஸ்ரிக் விரிப்பு ‘அஸ்ரோரேவ்’ என்று பெயர் பெற்று உலகெங்கும் புகழடைந்தது. பிள்ளைகளின் பெயரால் தொடங்கிய பொருள் வியாபார அரங்குக்குப் போய், இன்று தனியொருவன் வேலிக்குள் ஒரு குழிக்கு முன் விரிந்து கிடக்கின்றது. பள்ளி மைதானத்தின் அருமையை அறிந்த ஆசிரியர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

அது அமைக்கப்படும் விதமும் அறியத்தக்கது. முதலில் மேல்மண்ணைத் தோண்டி அகற்றுகின்றனர். உடைகல்லும் கற்றூளும் கொட்டிப் பொறியால் இறுக்கி, நுட்பமாக மேடு பள்ளம் வகுக்கின்றனர். 4¼ அங்குல விட்டமுள்ள குவளையைப் புதைத்து, விரிப்பை விரித்து, பொருத்துகளை ஒட்டி, இழைகளிடையே நுண்மணலைத் தூவி வாரி உருளையால் அழுத்துகின்றனர். பந்தின் வேகம் அம்மணலின் அளவைப் பொறுத்தது. சிறிது பிசகினாலும் பந்து கோணிவிடும். வெயிலில் முழந்தாளிட்டு இதனைச் செய்யும் தொழிலாளியின் கைத்திறனை நாம் மெச்சுகின்றோம். அவன் அதில் ஒருநாளும் பந்து தட்டப்போவதில்லை என்பது வேறு விடயம். அடியிலுள்ள மண்ணோ கல்லாகிவிட்டது. உச்சி வெயிலில் விரிப்பின் வெப்பம் 60 பாகையையும் தாண்டும். வெறுங்காலுடன் மிதிக்க இயலாது. ஆகவே அதனைக் குளிர்விக்கக் குழாய் நீரைப் பாய்ச்சுகின்றார்கள்! நீரை மிச்சப்படுத்தும் புல்லின் இலட்சணம் இது. பத்து, இருபது ஆண்டுகளில் இழை தேய்ந்தபின் பெரும்பாலும் அது குப்பைமேட்டுக்கே போய்ச் சேரும்.

அழியா இரசாயனங்கள் எனப்படும் புளோரின் சேர்மங்கள் செயற்கைப் புல்லிலே கண்டறியப்பட்டுள்ளன. அவற்றைத் தடைசெய்யும் சட்டமூலத்தைக் கலிபோர்ணியச் சட்டமன்றத்தின் இரு சபைகளும் நிறைவேற்றின. 2023 ஒக்ரோபரில் ஆளுநர் நியூசம் அதனை இரத்துச் செய்தார். அதே காலத்தில், செயற்கைப் புல்லைத் தடைசெய்யும் உரிமையை நகரசபைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். மாநிலம் செய்யத் துணியாததை ஊர்ச்சபை செய்யட்டும் என்பது இதன் பொருள்.

மிச்சமாகும் நீர் யாருக்குக் கிடைக்கின்றது? கொல்ப் வீடுகளிலிருந்து ஒரு மணிநேரத்துக்குக் குறைந்த கார்ப் பயணத்தில், அதே பள்ளத்தாக்கின் கிழக்கே, தேர்மல் என்னும் இடத்தில், ‘ஒயாசிஸ்’ என்ற பெயருடைய நடமாடும் வீட்டுக் குடியிருப்பு உண்டு. ஒயாசிஸ் என்றால் பாலைவனச் சோலை. அங்கே வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த விவசாயத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. அப்பள்ளத்தாக்கின் திராட்சையையும் பேரீச்சையையும் பறிப்பவை அவர்களைப் போன்றோரின் கைகள். 2019இல் அவர்களுடைய கிணற்று நீரில் ஆர்செனிக் நஞ்சு, சட்ட வரம்பான லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமைப் பன்மடங்கு தாண்டியிருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகாமை அவசர ஆணை பிறப்பித்தது.

ஆர்செனிக் அந்நிலத்தடியில் இயற்கையாகவே உள்ளது. அதனை நாம் செல்வர் தலையில் சுமத்தவில்லை. ஆயின் கொலராடோ ஆற்று நீரை நூறு மைலுக்கு மேல் நீண்ட கால்வாயினால் அப்பாலைக்குக் கொணர்ந்து கொல்ப் மைதானங்களுக்கும் பாய்ச்சத் தெரிந்த சமுதாயத்துக்கு, அக்குடியிருப்புக்கு ஒரு குழாயை இழுக்கத் தெரியாமற் போயிற்று. ஆணை பிறந்த பின்னரும், அத்தொழிலாளர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போத்தல் நீரைச் சுமந்தே ஆண்டுகளைக் கழித்தனர்.