சாகப்போகும் டேபிளுக்கு எதற்கு கம்ப்ரஷன்?

போன வாரம் ஒரு எஸ்க்யூஎல் சர்வர் ரிவ்யூ அறிக்கை கைக்கு வந்தது. "டெம்ப் டேபிள் அனைத்துக்கும் பேஜ் கம்ப்ரஷன் கட்டாயம்" என்று அதில் ஒரு வரி. ஏன் என்பதற்கு ஒரு சொல் இல்லை. எந்த டேபிள், எத்தனை வரிசை, எத்தனை தடவை படிக்கப்படுகிறது என்ற விசாரணையே இல்லை. எழுதியவர் அந்த சர்வரில் ஒரு க்வெரியைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. அதன் கீழ் மேலாளர் "உடனே செய்யவும்" என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எஸ்க்யூஎல் சர்வருக்குப் பேஜ் கம்ப்ரஷன் வசதி 2008-இல் வந்தபோது என்டர்பிரைஸ் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. 2016 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக் அதை ஸ்டாண்டர்டுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் திறந்துவிட்டது. கிடைத்துவிட்டது என்பதற்காகவே எல்லா இடத்திலும் பூசுகிறார்கள்.

பேஜ் கம்ப்ரஷன் சும்மா நடப்பதில்லை. 8 கேபி பேஜ் நிறைந்ததும் சர்வர் ஒவ்வொரு நெடுவரிசையிலும் பொதுவான முன்பகுதியைத் தேடுகிறது. பிறகு பேஜ் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளுக்கு ஓர் அகராதி கட்டுகிறது. அத்தனையும் சிபியு. மெமரியிலும் பேஜ் சுருங்கியே கிடப்பதால் படிக்கும்போதெல்லாம் விரிக்க வேண்டும், அதுவும் சிபியு. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் விற்பனை வரலாற்று டேபிளுக்கு இந்தச் செலவு தகும். டெம்ப் டேபிளோ அடுத்த ஜாயினில் ஒரு தடவை படிக்கப்பட்டு, ப்ரொசீஜர் முடிந்ததும் போய்விடும். துவைக்கப் போடும் துணிக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா? சிறிய டெம்ப் டேபிளின் பேஜ்கள் பெரும்பாலும் டிஸ்க்கைத் தொடாமலே மெமரியில் பிறந்து மெமரியில் மறைகின்றன. அங்கே மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

இவர்கள் ஒருபோதும் பார்க்காத ஒன்று இருக்கிறது: ஹீப். கிளஸ்டர்டு இன்டெக்ஸ் இல்லாத டெம்ப் டேபிளை பேஜ் கம்ப்ரஷனோடு உருவாக்குங்கள். லூப்புக்குள் சாதாரண இன்சர்ட்டால் நிரப்புங்கள். புதிய பேஜ்களுக்குப் பேஜ் கம்ப்ரஷன் நடக்கவே நடக்காது. ரோ கம்ப்ரஷனோடு நின்றுவிடும். அது நடக்க வேண்டுமென்றால் பல்க் லோடு செய்ய வேண்டும், அல்லது டேப்லாக் போட்டு இன்சர்ட் செய்ய வேண்டும், அல்லது டேபிளை ரீபில்ட் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் ஆவணத்திலேயே இது இருக்கிறது. நான் பார்த்த டெம்ப் டேபிள்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட ஹீப்தான். அவற்றின் மேல் கம்ப்ரஷன் கட்டளையை எழுதிவிட்டு "ஆப்டிமைஸ் செய்தாயிற்று" என்று அறிக்கை கொடுக்கிறார்கள்.

சரி, ரீபில்ட் செய்கிறோம் என்பார்கள். உருவான பிறகு டெம்ப் டேபிளின் அமைப்பில் கை வைத்தால், ஸ்டோர்டு ப்ரொசீஜருக்காக சர்வர் செய்துவந்த டெம்ப் டேபிள் கேஷிங் போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்கி, புதிதாக அழிக்க வேண்டும். நொடிக்கு நொடி அழைக்கப்படும் ப்ரொசீஜரில் இதைச் செய்தால், டெம்ப் டேபிள்கள் உருவாகும் டெம்ப்டிபியின் சிஸ்டம் டேபிள்களில் நெரிசல்தான் மிச்சம். அந்த ஹீப்பைச் சுருக்கப் போய் இருந்த வேகத்தையும் தொலைத்தாயிற்று. செலக்ட் இன்டு போட்டு உருவாக்கும் டெம்ப் டேபிளில் கம்ப்ரஷனைக் குறிப்பிடவே வழியில்லை என்பதாவது அந்த அறிக்கைக்காரருக்குத் தெரியுமா?

பலமுறை ஸ்கேன் ஆகும் பெரிய டெம்ப் டேபிள் எங்காவது ஒன்று இருக்கும். அதை அளந்து பார்த்து அதற்கு மட்டும் போடட்டும்.

டெம்ப்டிபி ஏன் வீங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான்கு நெடுவரிசை தேவைப்படும் இடத்தில் செலக்ட் ஸ்டார் போட்டு நாற்பதையும் அள்ளுகிறார்கள். பத்து எழுத்துக் குறியீட்டுக்கு என்வார்சார் மேக்ஸ் வைக்கிறார்கள். அந்த டேட்டா டைப்பில் பேஜுக்கு வெளியே போகும் பெரிய மதிப்புகளை இந்தக் கம்ப்ரஷன் தொடாது. மெமரி போதாமல் சார்ட்டும் ஹாஷும் டெம்ப்டிபியில் கொட்டும் தரவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இவற்றைச் சரிசெய்ய க்வெரியைத் திறந்து படிக்க வேண்டும். அது வேலை. கட்டளையில் மூன்று சொல் சேர்ப்பது வேலை இல்லை.

டிஸ்க் இன்று மலிவு. என்டர்பிரைஸ் லைசென்ஸை 2012-லிருந்து கோர் கணக்கில் விற்கிறார்கள். க்ளவுடிலும் கோருக்குத்தான் பெரும் பணம். மலிவானதை மிச்சப்படுத்த விலையுயர்ந்ததை எரிக்கச் சொல்பவர், முன்னும் பின்னும் எடுத்த சிபியு அளவை மேசையில் வைத்துவிட்டு அந்த வரியை எழுதட்டும்.