மின் ஒப்பந்தம்: கையெழுத்திடும் முன்

புனேயின் வடகிழக்கே, ஆளந்தி சாலையை ஒட்டியுள்ள விஷ்ராந்த்வாடி போன்ற பகுதிகளில் மாவு மில், சலவைக் கடை, சிற்றுண்டிக் கடை ஆகிய எல்லாச் சிறு தொழில்களும் மின்சாரத்தை நம்பியே நடக்கின்றன. வாடகைக்கும் கூலிக்கும் அடுத்தபடியாக அவற்றை அழுத்துவது மின் கட்டணமே. இந்த நெருக்கடியைப் பயன்படுத்திக்கொண்டு, 'முதலீடு வேண்டாம், யூனிட் விலை குறைவு' என்ற வாக்குறுதியுடன் கூரைச் சூரிய மின் நிறுவனங்கள் நகரங்கள்தோறும் சிறு வணிகர்களிடம் 25 ஆண்டு ஒப்பந்தங்களை நீட்டுகின்றன.

மின் ஒப்பந்தம் எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதை மகாராஷ்டிரம் முன்பே அனுபவித்திருக்கிறது. 1993 டிசம்பரில் மாநில மின் வாரியம், அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் அமைத்த தாபோல் மின் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்தின் திறனுக்குக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அந்தக் கட்டணமும் டாலர் மதிப்புடன் பிணைக்கப்பட்டிருந்தது. சிஐடியு உள்ளிட்ட அமைப்புகள் நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தன. சுமை தாளாத வாரியம் 2001 மே மாதத்தில் கொள்முதலை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவாலானது.

சட்ட வல்லுநர்களைக் கொண்ட வாரியமே இப்படிச் சிக்கியதென்றால், தனியொரு கடைக்காரர் எத்தனை எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்! பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் பணம் கட்டச் சொல்லும் குறைந்தபட்சக் கொள்முதல் விதி உண்டா? யூனிட் விலை ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு உயரும்? இடையில் விலகினால் எவ்வளவு இழப்பீடு தர வேண்டும்? பழுதுக்கு யார் பொறுப்பு? கடை வாடகை இடத்தில் இருந்தால், கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் எங்கே? இவற்றுக்குத் தனக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலமான விடை கிடைக்கும் வரை எவரும் கையெழுத்திடலாகாது.

பழைய கட்டண ரசீதுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இணைப்புக்கு உரிய கட்டணப் பிரிவும் அனுமதிக்கப்பட்ட மின்சுமையும் சரியாக உள்ளனவா என்பது முதல் கேள்வி. ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் நுகர்வோருக்கு நேரத்தைப் பொறுத்து மாறும் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வர வேண்டும். சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு குறைவு. உச்ச நேரத்தில் குறைந்தது 1.2 மடங்கு. மாவு மில் தன் வேலையை நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாலையில் அடுப்பேற்றும் சிற்றுண்டிக் கடையால் அது முடியுமா?

ஆட்சியாளர்கள் பேசும் 'தேர்வுச் சுதந்திரம்' சிறியவர்களுக்கு உரியதன்று. பசுமை மின்சாரத்தை விரும்பியவரிடம் வாங்கும் உரிமையை 2022ஆம் ஆண்டு விதிகள் 100 கிலோவாட் வரை இறக்கின. சில கிலோவாட் மட்டும் கொண்ட கடை அதற்கும் வெளியேதான் நிற்கிறது. வசதி படைத்த நுகர்வோர் வெளியேற வெளியேற, பொது நிறுவனத்தின் செலவு எஞ்சியவர்கள் தலையில் விழுகிறது.

சந்தைப் போட்டி முழுமையாக நிலவும் பிரிட்டனில் 2021–22 நெருக்கடியின்போது ஏறத்தாழ 30 மின், எரிவாயு விற்பனை நிறுவனங்கள் சரிந்தன. வீடுகளுக்கு இருந்த விலை உச்சவரம்பு சிறு வணிகங்களுக்கு இல்லை. தரகரின் கமிஷன் யூனிட் விலைக்குள்ளேயே மறைந்திருந்தது. மிகச் சிறு வணிகங்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதியே 2022 அக்டோபரில்தான் வந்தது.

அதே பாதையில்தான் மகாராஷ்டிரத்தையும் இழுக்கப் பார்க்கின்றனர். மும்பையை ஒட்டிய பகுதிகளில் அதானி குழுமம் இணை விநியோக உரிமம் கோரியபோது, 2023 ஜனவரி 4 அன்று மின் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசு அன்றே பேச்சுவார்த்தைக்கு வந்து உறுதிமொழி அளித்தது. ஒன்றுபட்டு நின்றால் அரசு இறங்கி வரும் என்பதை அந்த ஒருநாள் காட்டியது.

தவறான ரசீதுக்கு எதிராக நுகர்வோர் குறைதீர் மன்றமும் அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் சட்டப்படி உள்ளனர். கட்டணம் நிர்ணயிக்கப்படும்போது மாநில ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்துகிறது. அங்கே தனிக்குரல் எளிதில் அமுங்கிவிடும். கடைத்தெரு வணிகர்கள் கூட்டாக ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டும். கூட்டாகப் பேரம் பேச வேண்டும். மின் ஊழியர்களோடு தோள்சேர்ந்து பொது விநியோகத்தைக் காக்க வேண்டும். கவனத்தோடு இடும் கையெழுத்து ஒரு கடையைக் காக்கும். கடைத்தெரு முழுவதையும் காப்பது ஒற்றுமையே.