பணம் கட்டியவர்களுக்கே இலவசக் கல்வி!

ஒருவழியாகக் கதவு திறந்தது. ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் வாங்கி, குலுக்கல் நடத்தி, ஜூனில் குழந்தையை வகுப்பில் உட்காரவைத்திருக்க வேண்டிய கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2025 அக்டோபரில்தான் கையில் எடுத்தது. தாமதமானாலும் கிடைத்ததே என்று பெற்றோர்கள் மூச்சு விடுவதற்குள் நிபந்தனை வந்து விழுந்தது. 2025-26 கல்வியாண்டில் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்வு செய்வார்களாம். அவர்களிடம் வாங்கிய கட்டணத்தைப் பள்ளிகள் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். சரி, சேராமல் வீட்டிலேயே காத்திருந்த குழந்தைகள்? இந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு இடமே இல்லை.

ஜூன் மாதம் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு இலவசம். பணம் கட்ட முடியாதவர்களுக்கு வாசல்படியே கிடையாது. இப்படியொரு விதியைக் கிண்டலுக்காக யாராவது எழுதியிருந்தால்கூட மிகைப்படுத்தல் என்றிருப்போம். கோட்டையில் அதற்குக் கோப்பு எண் கொடுத்து, சுற்றறிக்கையாக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த ஒதுக்கீடு யாருக்காக? நலிவுற்ற பிரிவினருக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். அதாவது, மாதம் 17,000 ரூபாய்கூட முழுதாக வராத வீடு. அந்த வீட்டில் எல்கேஜி கட்டணத்தின் முதல் தவணை, சீருடை, புத்தகம், வேன் வாடகை எல்லாவற்றையும் ஜூன் மாதத்திலேயே எடுத்து வைக்க முடியுமானால், அவர்கள் ஏன் இணையதளம் எப்போது திறக்கும் என்று ஏப்ரல் முதல் இ-சேவை மையத்துக்கு நடையாய் நடக்கப்போகிறார்கள்? வட்டிக்கு வாங்கியும் நகையை அடகு வைத்தும் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. அடகு வைக்கவும் எதுவுமில்லாதவர்கள்தான் இந்தச் சட்டம் முதலில் தேடிப்போக வேண்டிய ஆட்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஒதுக்கீட்டை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்கு காட்டப் போகிறது துறை.

காத்திருந்த மாதங்களில் அந்தக் குழந்தைகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கு அனுப்பாத குழந்தை என்றாலே புழுதியில் புரண்டுகொண்டிருக்கும் குழந்தை என்பது ஏட்டில் எழுதுபவர்களின் கற்பனை. இன்றைக்கு நாளை என்று அறிவிப்பை எதிர்பார்த்திருந்த வீடுகளில் அம்மாவோ அக்காவோ ஆயாவோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பாடத்திட்டம் என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பது குழந்தையின் வேலை. கிழிக்கும் முன் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். என்ன கிழமை என்று சொல்ல வேண்டும். நேற்று என்ன, நாளை என்ன என்றும் சொல்ல வேண்டும். கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அன்றைய ஓவிய நோட்டு அதுதான். கணக்குக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. பத்துப் பத்தாகக் கூறு பிரித்து, எந்தக் கூறு பெரிது, எதிலிருந்து எதற்கு எடுத்துப்போட்டால் சமமாகும் என்று தரையிலேயே நடக்கும். ஆங்கில எழுத்துக்குப் பிஸ்கட் உறை. தமிழுக்கு முறத்தில் பரப்பிய அரிசிமாவில் விரலால் இழுக்கும் ‘அ’. அறிவியல் வேண்டுமென்றால் ஈரத்துணியில் முடிந்து வைத்த பாசிப்பயறு. மறுநாள் காலை முடிச்சை அவிழ்த்தால் வெள்ளையாய் ஒரு நுனி எட்டிப்பார்க்கும். அதற்கடுத்த நாள் அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சுண்டுவிரலை வைத்துப் பார்க்கும் குழந்தை, ‘ஏன் வாலு வந்துச்சு?’ என்று கேட்கும். சில பயறுகளைத் தொட்டியில் ஊன்றிவிட்டு மிச்சத்தைத் தாளித்துத் தின்பதோடு அந்தப் பாடம் முடியும்.

எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்ல வரவில்லை. விடியும் முன் சித்தாள் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு முறமும் மாவும் எடுக்க ஏது நேரம்? ஆனால், முடிந்த வீடுகளில் நடந்தது முறையான முன்பருவக் கல்விக்கு எந்த விதத்தில் குறைச்சல்? 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்காக ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட கலைத்திட்டச் சட்டகம், ஆறு வயது வரை பாடநூலே வேண்டாம், விளையாட்டும் கதையும் பொம்மையும் போதும் என்கிறது. டெல்லி ஆவணம் கசக்கும் என்றால், மாநில அரசே அங்கன்வாடிகளுக்காகத் தயாரித்த ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’வைப் புரட்டிப் பார்க்கலாம். அதிலும் இதே கதைதான், இதே பாட்டுதான், இதே எண்ணும் விளையாட்டுதான்.

ஆகவே, ‘கல்வியாண்டில் நான்கு மாதம் ஓடிவிட்டது, இனி புதிதாக வரும் குழந்தை எப்படி வகுப்போடு ஒட்டும்?’ என்ற சமாதானம் எடுபடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவை அதிகாரிகள் ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். பள்ளி வாசலையே மிதிக்காத ஒன்பது வயதுக் குழந்தை வந்து நின்றாலும், அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது அது. ஒன்பது வயதுக் குழந்தை நாலாம் வகுப்பின் பின்னத்தையும் வகுத்தலையும் எட்டிப்பிடித்துவிடும். நான்கு வயதுக் குழந்தை நான்கு மாத வண்ணம் தீட்டலை எட்டிப்பிடிக்காது என்றால், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அந்தக் குழந்தைகள் வீட்டில் இருந்தது சட்டமீறலும் அல்ல. கட்டாயக் கல்வி 6 வயதில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் அனுமதித்ததைச் செய்த பெற்றோருக்கு, துறை சொன்னபடியே பொறுமையாகக் காத்திருந்த பெற்றோருக்கு, இப்போது விழுந்திருக்கிறது அபராதம்.

அதுவும் ஓராண்டு அபராதம் அல்ல. 2025-26 எல்கேஜி ஒதுக்கீட்டுக்கு 2021 ஆகஸ்ட் 1 முதல் 2022 ஜூலை 31 வரை பிறந்தவர்களே தகுதி. அடுத்த ஆண்டு அந்தச் சாளரம் அப்படியே ஓராண்டு நகர்ந்துவிடும். இவர்கள் வயது கடந்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். மெட்ரிக் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் நுழைவு வகுப்பு எல்கேஜி. யுகேஜியில் ஒதுக்கீடு இல்லை, முதல் வகுப்பில் தொடங்கும் பள்ளி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்தால்தான் இன்னொரு வாய்ப்பு. எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிப் படிக்கும் உரிமை, அதாவது பத்து ஆண்டுப் படிப்பு, ஒரு சுற்றறிக்கையின் ஒற்றை நிபந்தனையால் போய்விட்டது. இதை எழுதியவருக்கு இது தெரியாதா? தெரிந்தே எழுதினாரா? இரண்டில் எது மோசம் என்று சொல்வது கடினம்.

நிதி வரவில்லை என்பது முதல் காரணமாகச் சொல்லப்பட்டது. உண்மைதான். ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததற்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்திவைத்தது அப்பட்டமான அடாவடி. நாலு வயதுக் குழந்தையைப் பணயம் வைத்து நடத்திய பேரம். ஆனால் 2025 ஜூன் 10 அன்று சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? கல்வி உரிமைச் சட்டத்துக்கான பங்கை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு முடிச்சுப்போடாமல் தருவது பற்றி ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே மூச்சில், டெல்லியிலிருந்து பணம் வரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. முதல் பாதியை மேடைதோறும் பேசினார்கள். இரண்டாம் பாதி யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கே இணையதளத்தைத் திறந்திருந்தால் ஜூலைக்குள் சேர்க்கை முடிந்திருக்கும். அக்டோபர் நிபந்தனைக்கே வேலை இருந்திருக்காது.

இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்பது அடுத்த காரணம். நிரம்பவிட்டது யார்? அந்த 25 விழுக்காட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள் என்று கோடை விடுமுறையிலேயே கண்டிப்பாகச் சொல்லி, முதன்மைக் கல்வி அலுவலர்களை விட்டுச் சரிபார்த்திருந்தால் இடம் எங்கே ஓடிப்போயிருக்கும்? கட்டணம் கட்டும் பெற்றோருக்குத் தனியார் பள்ளிகள் அந்த இடங்களைக் கொடுத்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, இப்போது கையை விரிக்கிறார்கள்.

மழலையர் விஷயத்தில் துறையின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளை ஆர்ப்பாட்டமாகத் தொடங்கினார்கள். தனி ஆசிரியர் நியமிக்கவில்லை. தொடக்கப் பள்ளிகளில் இருந்தவர்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மூன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 2022 ஜூனில் அந்த வகுப்புகளை மூடப்போவதாகத் தகவல் வந்தது. பள்ளி திறக்கும் நேரம், பெற்றோர்கள் சேர்க்கைப் படிவத்தோடு நிற்கும் நேரம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே, இல்லையில்லை, வகுப்புகள் தொடரும் என்றார்கள். தொடர்ந்தன, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களைப் பிடித்துப்போட்டு. ஒரு குழந்தையின் முதல் ஆசிரியருக்கு அரசு நிர்ணயித்த விலை அது. கட்டுமான வேலையில் பத்து நாள் கூலி அதைவிடக் கூடுதலாக வரும்.

அதற்கு முன் கொரோனா காலம். 2020 மார்ச்சில் மூடிய மழலையர் வகுப்புகள் 2022 பிப்ரவரி 16 அன்றுதான் திறந்தன; ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். தமிழகத்தின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அத்தனை பேரும் அப்போது வீட்டில்தான் படித்தார்கள். படிப்பின் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ நல்ல திட்டம்தான். தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். ஆனால் அது 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு. இல்லத்தைத் தேடிப்போன கல்வி, அந்த இல்லத்தின் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த மழலையைத் தாண்டி உள்ளே போனது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு உதவியாக ஒரு கையேடு, ஒரு கதைப் புத்தகம், ஒரு டப்பா வண்ணக்குச்சி என்று யோசித்திருந்தால் இவ்வளவு பெரிய துறைக்கு அது ஒரு செலவா?

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்ற 2019 செப்டம்பர் அரசாணை. பத்து வயதுக் குழந்தையை வாரியத் தேர்வுக்கு அனுப்பும் யோசனை எந்தக் குளிரூட்டிய அறையில் உதித்ததோ, ஊரே கொதித்த பின் 2020 பிப்ரவரியில் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் குழந்தைகளைத் தனிப்பயிற்சிக்குத் துரத்திய பெற்றோர்களிடம் யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. ஆட்சிகள் மாறின. பள்ளிக் கல்வித் துறை வளாகத்தின் பெயர்கூட மாறியது. முதலில் ஆணை, பிறகு யோசனை என்ற பழக்கம் மட்டும் மாறவேயில்லை.

இப்போதும் அதே வரிசைதான் நடக்கிறது, ஒரே வித்தியாசத்தோடு. பொதுத்தேர்வு அரசாணையால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சங்கங்கள் குரல் கொடுத்தன. மூடவிருந்த எல்கேஜி வகுப்புகளுக்காக எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன. வீட்டிலிருந்த குழந்தைக்கோ வருகைப் பதிவேடு இல்லை, எமிஸ் எனும் மாணவர் பதிவு எண் இல்லை, பெற்றோர் கழகம் இல்லை. எத்தனை பேர் இப்படி விடுபட்டார்கள் என்று துறையிடம் கேட்டால், எந்தப் பட்டியலைப் பார்த்து அது பதில் சொல்லும்? பட்டியலில் இல்லாதவர்களை ஏமாற்றுவது எளிது. ஏமாற்றியதற்குச் சாட்சியே இருக்காது.

‘அங்கன்வாடிக்கு அனுப்பியிருக்கலாமே’ என்று ஓர் அதிகாரி தொனியில் கேள்வி வருகிறது. அனுப்பலாம்தான், பலர் அனுப்பவும் செய்தார்கள். ஆனால், சட்டம் கொடுத்த ஓர் உரிமையைக் கேட்டு நிற்பவரிடம் வேறொன்றை வைத்துக்கொள் என்று சொல்ல இவர்கள் யார்? அந்த அங்கன்வாடியை ஆண்டு முழுவதும் ஊழியர் பற்றாக்குறையில் தள்ளாடவிட்டிருப்பதும் இதே அரசு இயந்திரம்தானே. தங்கள் பேரப்பிள்ளைகளை எந்த அங்கன்வாடியில் சேர்த்திருக்கிறோம் என்று இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் முதலில் சொல்லட்டும்.

நிபந்தனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். விடுபட்ட குழந்தைகளுக்கு யுகேஜியிலோ முதல் வகுப்பிலோ, வயது வரம்பைத் தளர்த்தியோ வேறெந்த வகையிலோ, வழி காண வேண்டும். அதைச் சட்டத்துக்குள் எப்படிச் செய்வது என்று கண்டுபிடிக்கத்தான் செயலர்களும் இயக்குநர்களும் சட்ட ஆலோசகர்களும் இருக்கிறார்கள். காரணம் கண்டுபிடிப்பதில் காட்டும் சாமர்த்தியத்தில் கால்வாசி போதும். 2026-27க்கான சேர்க்கை வழக்கப்படி நடந்தால் 2026 ஏப்ரலில் தொடங்க வேண்டும். 2025-26இல் கைவிடப்பட்டவர்களுக்கு என்ன பதில் என்பதை அதற்கு முன்பாக, இன்னொரு சுற்றறிக்கையின் ஏழாவது பத்தியில் ஒளித்துவைக்காமல், அமைச்சர் வாயாலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.