சாகுபடி செய்பவருக்கே உதவித்தொகை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக விவசாயியின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு என்றிருந்தது, அதே ஆண்டில் நிலவுடைமைக் குடும்பங்கள் அனைத்துக்கும் விரிந்தது. வருமான வரி கட்டுவோர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. பட்டா யார் பெயரில் என்று கேட்கும் இந்தத் திட்டம், வயலில் இறங்குவது யார் என்று கேட்கவில்லை.

காவிரி டெல்டா மாவட்டங்களில் இது பெரிய அநீதி. இங்கே குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். விதை, நடவுக்கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் குத்தகைதாரர் கைக்காசு, இல்லையென்றால் நகை அடகு. தாளடி நெற்பயிர் தண்ணீரில் மூழ்கினால் நட்டம் அவருக்கு. தவணைப் பணமோ ஊரை விட்டுப் போய்விட்ட பட்டாதாரர் கணக்குக்கு. கோயில், மடத்து நிலமென்றால் இன்னும் மோசம்: நிறுவன நிலம் என்று திட்டமே அதை ஒதுக்கிவிடுகிறது. தலைமுறையாக அங்கே உழுகிற குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் கிடையாது.

இத்தனைக்கும் இவர்களை அரசுக்குத் தெரியாமல் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்க, குத்தகைதாரர் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) தரும் சாகுபடிச் சான்றைத்தான் காட்டுகிறார். நெல்லை வாங்க அந்தச் சான்று போதுமென்றால், உதவித்தொகை கொடுக்கவும் போதும். இதுவே எங்கள் நிலைப்பாடு. நில உடைமையாளர் பெறுவதைப் பிடுங்கச் சொல்லவில்லை. கிராமத்துச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் சாகுபடிதாரராக இருப்பவரையும் சேர்க்கச் சொல்கிறோம்.

ஒடிசாவின் காலியா திட்டம் வாரத்துக்கு உழுபவர்களையும் நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் சேர்த்தது. ஆந்திரம் 2019-இல் சட்டம் இயற்றி, 11 மாத ஒப்பந்தத்தில் சாகுபடியாளர் அட்டை கொடுத்தது. ஆனால் அதற்கு நில உடைமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயத்தில் பலர் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பயத்தை நாங்கள் புரிந்துகொள்கிறோம். ஆகவே உதவித்தொகைப் பதிவு குத்தகை உரிமைக்கு ஆதாரமாகாது என்று அரசாணையிலேயே எழுதட்டும். கையெழுத்து நிபந்தனை மட்டும் கூடவே கூடாது.

2020-இல் தமிழகத்தில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் இதே திட்டத்தில் பணம் எடுத்ததைச் சிலர் நினைவுபடுத்துவார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு கணினியில் பெயர் ஏற்றியதால் நடந்த மோசடி அது. வயலுக்குப் போய்ப் பார்த்திருந்தால் நடந்திருக்காது. வி.ஏ.ஓ. வயலாய்வு செய்து, பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கட்டும். யார் வயலில் யார் நடவு நட்டார் என்பது ஊருக்குத் தெரியும்.

குத்தகை விவசாயிகளையும் சேர்த்து, தொகையை 12,000 ரூபாயாக்க வேண்டும் என்று நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு 2024 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதை ஏற்க வேண்டும். அதுவரை தமிழக அரசு தன் நிதியிலிருந்து குத்தகை, வாரச் சாகுபடியாளர்களுக்கு இதே தொகையை வழங்க வேண்டும்.

குத்தகைச் சாகுபடி செய்யும் தோழர்களே, இந்தப் பருவத்து அடங்கலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். இல்லையென்றால் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.