ஸ்லாபின் சுமையில் கைவைக்காதீர்கள்

அடுக்ககத்தில் வீடு வாங்குவோரும் களப் பொறியாளர்களும் தமிழக அரசின் வீட்டுவசதித் துறைக்கும், கட்டட அனுமதி தரும் அலுவலகங்களுக்கும் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

ஆள், கட்டில், பீரோ என்று வந்து போகும் எடையைத்தான் சைட்டில் லைவ் லோடு என்கிறோம். எல்லா மாடியும் ஒரே நேரத்தில் நிரம்பாது என்பதால் பில்லருக்கும் அஸ்திவாரத்துக்கும் அதைக் குறைத்துக் கணக்கிட 1987-இன் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி இடம் தருகிறது. இரண்டு தளம் தாங்கும் பில்லருக்கு 10 சதவீதம், மூன்றுக்கு 20, நான்குக்கு 30, ஐந்து முதல் பத்து வரை 40, அதற்கும் மேல் 50. பெரிய பரப்பைத் தாங்கும் பீமுக்கும் 25 சதவீதம் வரை உண்டு. இதில் எங்களுக்கு வழக்கில்லை.

ஸ்லாபுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹாலில் வளைகாப்பு நடந்தால் ஹால் நிரம்பத்தான் செய்யும். மேல்மாடி காலியாக இருப்பதால் இந்த ஸ்லாபின் கம்பிக்கு என்ன லாபம்? பில்லருக்காகக் குறைத்த சுமையை அப்படியே ஸ்லாப் கணக்குக்கும் எடுத்துப்போவதைத் தடுக்க வேண்டும். மிச்சமாவதும் சொற்பம். ஐந்து அங்குல ஸ்லாபின் சொந்த எடையே சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ, தரைப் பூச்சு 100, வீட்டின் லைவ் லோடு 200. அந்த 200-இல் 40 சதவீதம் வெட்டினாலும் மொத்தத்தில் குறைவது 13 சதவீதம்தான்.

எந்தத் தளத்துக்கு எவ்வளவு சுமை எடுத்தார்கள், எந்த பில்லரில் எவ்வளவு குறைத்தார்கள் என்பதைக் கட்டமைப்பு வரைபடத்திலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன் தமிழ் நகல் வீட்டுப் பத்திரத்தோடு வர வேண்டும்.

கிடங்கு, வாகன நிறுத்தம், கணக்கில் தனியே சேர்த்த இயந்திரம் ஆகியவற்றுக்குச் சுமைக் குறைப்பே கூடாது என்கிறது விதி. ஆனால் அலுவலகமாக அனுமதி வாங்கிய மாடி சத்தமில்லாமல் கிடங்காகிறது. தனி ஸ்டோர் ரூம் உள்ள அலுவலகத்துக்கான கணக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ. ஐந்து கட்டு ஏ4 காகிதம் கொண்ட அட்டைப்பெட்டி ஒன்று பன்னிரண்டரை கிலோ. ஒரு சதுர மீட்டரில் பதினான்கு பெட்டி உட்காரும். இரண்டு அடுக்கு வைத்தாலே கணக்கைத் தாண்டிவிடும், கடைக்காரர் தலை உயரத்துக்கு அடுக்குகிறார். பயன்பாடு மாறினால் ஸ்லாபிலிருந்து அஸ்திவாரம் வரை மறுகணக்கு போடாமல் உரிமம் தரக் கூடாது. வணிகக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடி வாசலிலும் சுமை அளவைக் கிலோவில் எழுதிய பலகை வேண்டும். லிஃப்டில் எழுதுகிறோமே!

ஏற்கெனவே குடியேறிய கட்டடங்களுக்கு, குடியிருப்போர் சங்கம் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் அனுமதிக் கோப்பிலுள்ள சுமைக் கணக்கின் நகலைத் தர வேண்டும். கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும்.